நெகென் மேட்டில் கிடைத்த மைக்கல்

நேயர்களே, கீசா பிரமிடுகள் உங்களுக்குத் தெரியாததா? அவற்றை விட்டுவிட்டு, லக்சரிலிருந்து தெற்கே எட்ஃபு கோயிலுக்குப் போகும் வழியில், நைலின் மேற்குக் கரையில் இறங்குவோம். பானைச் சில்லுகள் இறைந்து கிடக்கும் கோம் எல்-அஹ்மர் மேடு அங்கே இருக்கிறது. பழைய எகிப்தியருக்கு இது நெகென், வல்லூறு வடிவத் தெய்வமான ஹோரஸின் ஊர். கிரேக்கர் ஹைராகோன்போலிஸ் என்றார்கள்.

பாலைவன ஓரத்தில் தெரியும் செங்கல் கோட்டை வரை நடப்பதாகத் திட்டம். பச்சைச் செங்கல்லில் எழுப்பிய அந்தச் சுவர் சுமார் 5 மீட்டர் தடிமன். போகும் வழியெல்லாம் பழமைதான். 5,500 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய பெரிய தாழிகளில் பீர் காய்ச்சிய ஊர் இது.

ஆனால் பழைய கோயில் இருந்த இடத்தை அப்படிச் சட்டென்று கடந்துவிட முடியாது. 1897-98 குளிர்காலத்தில் குவிபெல், கிரீன் என்ற இரு ஆங்கிலேயர் இங்கேதான் நார்மர் என்ற மன்னனின் மைக்கல்லை எடுத்தார்கள். உயரம் 64 சென்டிமீட்டர். கண்ணுக்கு மை அரைக்கும் பலகையின் வடிவம். ஆனால் இது கோயிலுக்கென்றே செதுக்கிய காணிக்கை. காலம் ஏறத்தாழ கி.மு. 3100.

ஒரு பக்கத்தில் அரசன், தெற்கின் வெள்ளை மகுடத்தோடு கதையை ஓங்கி நிற்கிறான். மண்டியிட்ட எதிரியின் தலைமயிர் அவன் பிடியில். காலில் செருப்பில்லை, பின்னால் நிற்கும் சிறிய ஆள் செருப்பையும் ஒரு குடத்தையும் ஏந்தியிருக்கிறான். எதிரே ஒரு வல்லூறு, கோரைப்புல் முளைத்த நிலத்தைக் கயிற்றில் கட்டிப் பிடித்திருக்கிறது. கோரை மண்டிய சதுப்பு என்றால் வடக்கே நைலின் கழிமுகம்.

கல்லைத் திருப்பினால் அதே அரசன், இப்போது வடக்கின் சிவப்பு மகுடத்தில், கொடிகள் முன்செல்ல ஊர்வலம் போகிறான். அவன் முன்னே தலை வெட்டப்பட்ட பத்து உடல்கள். கீழே இரண்டு விசித்திர விலங்குகள் நீண்ட கழுத்துகளைப் பின்னிக்கொண்டு நிற்கின்றன. அந்த வளைவுக்குள்தான் மை அரைக்கும் குழி. தெற்கு, வடக்கு என்ற இரண்டு நாடுகள் பிணைந்ததைக் காட்டுவதாகப் பலர் இந்தக் கழுத்துப் பின்னலைப் படிக்கிறார்கள். இரண்டு மகுடங்களையும் ஒன்றாகச் சேர்த்த இரட்டை மகுடம் பிற்பாடு வந்தது.

அப்படியானால் ஒரே போரில் எகிப்து ஒன்றானதா, நேயர்களே? இல்லை. அபிடோஸ் என்ற ஊரில் நார்மருக்கு முந்தைய மன்னன் ஒருவனின் கல்லறையைத் தோண்டியபோது, எழுத்துக் குறிகள் பொறித்த சின்னஞ்சிறு எலும்பு, தந்தச் சீட்டுகளும், பாலஸ்தீனப் பக்கத்துப் பாணியிலான மது ஜாடிகளும் கிடைத்தன. சரக்கும் கணக்கும் அரசனின் கைக்கு வந்து பல தலைமுறை ஆன பிறகே நார்மர் வருகிறான். அவன் பெயர் கீறிய பானைகள் கழிமுகத்திலும் தெற்குப் பாலஸ்தீனத்திலும் கிடைத்திருக்கின்றன. அபிடோஸில் கிடைத்த ஒரு முத்திரைப் பதிவு, அரசர் வரிசையில் முதல் பெயராக நார்மரையும் அடுத்து அஹாவையும் காட்டுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தியப் பூசாரி மனெத்தோ முதல் அரசனாகச் சொல்லும் மேனெஸ், இந்த இருவரில் யார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கோட்டைக்குப் போய்ச் சேர நேரமில்லை. கட்டியவனைப் பற்றி மட்டும் கேளுங்கள். நார்மருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து ஆண்ட காசெகெம்வி, இரண்டாம் வம்சத்தின் கடைசி அரசன். இந்த ஊரில் கிடைத்த அவனுடைய இரண்டு சிலைகளின் பீடங்களில், கொல்லப்பட்ட வடநாட்டவரின் தொகை 47,000-க்கும் மேல் என்று பொறித்திருக்கிறது. மற்ற அரசர்கள் தங்கள் பெயருக்கு மேல் ஒரே தெய்வத்தை வைத்தார்கள். இவன் ஹோரஸையும் அவருடைய எதிரியான சேத்தையும் அருகருகே நிறுத்தினான்.