கந்தையும் கையறு நிலையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நிறைவு மலர் என்பது நினைவின்மேல் எழுப்பப்படுவது. யார் எப்போது வந்து சேர்ந்தார், எந்தக் கூட்டத்தில் எந்தக் கவிதை படிக்கப்பெற்றது, இடையில் மறைந்தவர் எவர் என்பனவற்றைத் தேடி எடுத்து அடுக்குவதே அதன் பணி. அத்தகைய மலரில், நினைவையே இழந்துவிட்ட முதியவர்களைப் பற்றிப் பேசுவது சற்றுப் பொருந்தாததாகத் தோன்றலாம். ஆயினும் போடிநாயக்கனூரில், ஏலமலைச் சரிவைப் பார்த்திருக்கும் தெருக்களில், இந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்து நெடுநாளாகிவிட்டது. வீட்டுக்குள் வந்தது கவிதைக்குள்ளும் வந்துவிட்டது என்பதால்தான் இந்த அவையில் அதை எடுக்க வேண்டியிருக்கிறது.

மறதியுற்ற தாயையும் பாட்டியையும் பாடும் கவிதைகள் இன்று தமிழில் அரியன அல்ல. அவற்றுள் பலவற்றுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. வினைமுற்றுகள் எல்லாம் இறந்த காலத்தில் நிற்கும். அவள் பாடினாள், அவள் மலையேறினாள், அவள் கதை சொன்னாள் என்று கவிதை போகும். பாடப்பட்டவரோ அடுத்த அறையில் ரசம் சோறு உண்டுகொண்டிருப்பார். புறத்திணையில் கையறு நிலை என்றொரு துறை இருப்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. தலைவன் மாய்ந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று நின்று பாடுவது அது. மாய்ந்தபின் என்பது அங்கே இன்றியமையாத சொல். உயிரோடிருப்பவரைக் கையறு நிலையில் வைத்துப் பாடுவது இலக்கணப் பிழை மட்டுமானால் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் பாட்டில் ஒருவரை இறந்தவராக்கிய வீடு, நடைமுறையிலும் அவரை அவ்வாறே நடத்தத் தொடங்குகிறது. அவர் முன்னிலையிலேயே அவரைப் படர்க்கையில் பேசுகிறது.

மற்றொரு வழக்கம், அன்பால் செய்யப்படுவது. உறவினர் எவர் வந்தாலும் கட்டிலருகே குனிந்து, "அப்பத்தா, நான் யாருன்னு சொல்லு பாப்போம்?" என்று கேட்பது. ஒரு நாளில் பத்து முறையாவது இந்தத் தேர்வு நடக்கிறது. பத்து முறையும் அப்பத்தா தோற்கிறாள். பெயர் நினைவுக்கு வராத போதும், தோற்றோம் என்னும் உணர்வு அவளுக்கு வந்துவிடுகிறது. சொன்ன சொல் மறைந்தபின்னும் அது தந்த மன உளைச்சல் நெடுநேரம் தங்கும் என்பது இந்நோயாளிகளிடம் ஆய்ந்து கண்ட உண்மை.

மருத்துவமும் நெடுநாள் ஏறத்தாழ இவ்வாறுதான் கேட்டது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே போ, இந்த வடிவத்தை வரைந்து காட்டு என்று கேட்கும் சோதனைகள் பள்ளிக்கூடம் போனவர்களுக்காக ஆக்கப்பட்டவை. எழுத்தறியாத ஒரு தோட்டத் தொழிலாளி நோயில்லாத நாளிலேயே அவற்றில் தேறமாட்டார். இந்தக் குறையை உணர்ந்தவர்கள் 1998இல் கொச்சியில் கூடி '10/66' என்னும் ஆய்வுக்குழுவைத் தொடங்கினர். உலகின் மறதி நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அந்த எண்ணின் பொருள். கல்வியால் முடிவு திரியாத சோதனை முறையை வகுக்க அக்குழு முயன்றது. சென்னையும் வேலூரும் அதன் களங்களுள் அடங்கும். 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வொன்று, 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுற்றவர்கள் என்று கணித்தது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரைவிடச் சிற்றூரிலும் இது மிகுதி என்றும் அதே ஆய்வு காட்டிற்று. 'வயசாயிட்டா அப்படித்தான்' என்று தள்ளிவிடப்படுவோர் யாரென்பது இதிலிருந்து விளங்கும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோலத் தோன்றும். அவை மருந்துக்குக் கட்டுப்படுபவை. ஆகவே முதலில் மருத்துவரிடம் போவதே முறை. துணியும் ஊசியும் அதற்குப் பின்னர்தான்.

அலாய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அகுஸ்தெ டேட்டர் என்ற பெண்மணியைக் கண்டார். 1906இல் அவர் இறந்தபின் மூளையைச் சோதித்து, அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் அறிக்கை படித்தார். அன்று கேட்டோர் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அதன்பின் ஒரு நூற்றாண்டு ஆய்வில் வெளிப்பட்டவற்றுள் கவிஞர்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை இரண்டு.

முதலாவது, மணம் பற்றியது. ஏலக்காய் மணம் பட்டவுடன் பாட்டிக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடுவதாகக் கவிதை எழுதத் தோன்றும். ஏலத்தின் ஊரில் அது இயல்பான கற்பனை. ஆனால் அல்சைமர் நோயில் மணமறியும் ஆற்றல் மிகத் தொடக்கத்திலேயே குன்றத் தொடங்குகிறது. மணத்தைப் பகுத்தறியும் பகுதிகளுக்கு அருகிலேதான் நோயும் முதலில் வேர்விடுகிறது. மூக்கருகே ஏலக்காயை நீட்டிவிட்டு அற்புதத்துக்குக் காத்திருக்கும் வீடு ஏமாறுவதற்கே வாய்ப்பு மிகுதி.

இரண்டாவது, கை பற்றியது. பெயரும் தேதியும் தங்கும் இடம் வேறு, பழகிய தொழில் தங்கும் இடம் வேறு. முன்னது சிதைந்த பின்னும் பின்னது நெடுங்காலம் நிற்கிறது. பூத்தொடுத்தவரின் விரல் பூத்தொடுக்கும். அரிசி புடைத்தவரின் கை முறத்தைத் தூக்கும். போடியில் இதற்கென்று தனிப் பொருளுண்டு. விடியுமுன் ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குப் போன தலைமுறை அது. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய்ப்பது அடியில். மண்ணை ஒட்டிப் படரும் சரங்களில், குத்துக்காலிட்டுக் குனிந்து, பிஞ்சைவிட்டுப் பருவமான காயை மட்டும் கிள்ளவேண்டும். அதே செடிக்கு ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வரவேண்டும். ஊருக்குள் கிட்டங்கிகளில் காய்ந்த காயைத் தரம் பிரித்தவர்களும் உண்டு. சல்லடை பிரித்ததற்குமேல், வெளிறியதையும் வெடித்ததையும் விரலால் ஒதுக்கிய கைகள் அவை. இந்தக் கைகள் நோயிலும் சும்மா இருப்பதில்லை. முந்தானையைச் சுருட்டும், பிரிக்கும், போர்வையின் ஓரத்தைக் கிள்ளும். வீட்டார் அதைக் கிறுக்கென்று எண்ணிக் கையைப் பிடித்து வைக்கிறார்கள். கைக்குத் தேவை வேலை.

இனி அந்த வேலையைத் தரும் துணிக்கு வரலாம்.

பழஞ்சேலைகளை நான்கைந்தாக அடுக்கி, நேராக ஓடும் எளிய தையலால் இணைத்து விரிப்பாகவும் போர்வையாகவும் ஆக்குவது தமிழ் வீடுகள் அறிந்ததுதான். பிறந்த குழந்தையை அதில் கிடத்துவார்கள். ஆனால் அதற்குக் கௌரவமான ஒரு பெயரைத் தமிழ் கொடுக்கவில்லை. இருக்கும் சொல் கந்தை. அது வறுமையின் பெயராகிவிட்டது. அதே சொல்லின் உடன்பிறப்பான 'காந்தா' வங்காளத்தில் கலையின் பெயராக விளங்குகிறது. அங்கும் பொருள் பழஞ்சேலைதான். தைக்கும் நூலைக்கூடச் சேலையின் கரையிலிருந்தே உருவி எடுப்பார்கள். கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று உள்ளது. மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தன் கையால் தைத்தது. அதைத் துணியிலேயே ஊசியால் எழுதியும் வைத்தாள். வட கன்னடத்துச் சித்தியர் குலப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துப் போவார்கள்; நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்காவிட்டால் அந்தப் போர்வை அவர்களுக்கு ஆடையற்றதுபோல் தோன்றும்.

மறதி நோய்க்கும் கந்தைக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டது அமெரிக்காவில். மிச்சிகன் மாநிலத்துத் தையற்கலைஞர் ஏமி சிம்ஸ், தம் தாய்க்கு அல்சைமர் நோய் கண்டபின், 2006இல் ஓர் இயக்கம் தொடங்கினார். துண்டு துண்டாக மறத்தல் என்று பொருள்படும் தலைப்பில் 52 கந்தைகள் ஊர் ஊராகக் காட்சிக்குச் சென்றன. தைப்பவர்கள் அனுப்பிய சிறு கந்தைகளை விற்றும் ஏலமிட்டும், 2013இல் இயக்கம் நிறைவுறும் வரையில், 10 லட்சம் டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குத் திரட்டப்பட்டது. (ஏலம் என்னும் சொல் போடிக்காரர்களுக்கு இரண்டு பொருளிலும் சோறு போடுவது.) பிரிட்டனில் சில மருத்துவமனைகள் பொத்தானும் நாடாவும் கோத்த கம்பளிக் கையுறைகளை நோயாளிகளுக்குத் தருகின்றன, விரல்கள் அவற்றில் அமைதி கொள்கின்றன.

இவை இரண்டும் ஒன்றல்ல என்பது கவனிக்கத்தக்கது. சுவரில் தொங்கும் கந்தை நோயாளியைப் பற்றியது. மடியில் கிடக்கும் கந்தை நோயாளிக்கானது. முன்னதைக் குறைத்துச் சொல்ல இயலாது. அது பணம் தந்தது, பேச்சைத் தந்தது. கவிதை பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தது. ஆயினும் பின்னதில்தான் மரியாதை முழுமை பெறுகிறது. காரணம், அது எதையும் கேட்பதில்லை. பெயர் சொல், ஊர் சொல் என்று கேட்காமல், தொட்டுக்கொள் என்று கிடக்கிறது.

போடியில் ஒரு வீடு இப்படியொன்றைச் செய்யப் புகுந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்க்கலாம். முதலில் மரப்பெட்டியைத் திறக்கவேண்டும். மதுரைச் சுங்குடி ஒன்று இருக்கும், சக்கம்பட்டித் தறிச்சேலை இரண்டு இருக்கும், எண்பதுகளில் எல்லாரும் வாங்கிய பூனம் சேலை மங்காமல் இருக்கும். பூனம் தைக்க உதவாது, வழுக்கும். ஆனால் தொட்டால் அதன் வழவழப்பு வேறு, ஒரு கட்டம் சேர்க்கலாம். அடியில் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று கிடக்கும். மலையில் காய் எடுக்கும்போது சேலைக்குமேல் போட்ட முழுக்கைச் சட்டை, ஏலக்கறை போகாதது. அது யாருடையது என்று பேத்தி கேட்பாள். தாத்தாவுடையது என்று அத்தை சொல்வாள். இல்லை, தாத்தா இறந்து பல வருடம் கழித்து வாங்கியது என்று சித்தப்பா மறுப்பார். எந்தத் தோட்டம், எவ்வளவு கூலி, எந்த வருடம் ஜீப்பைவிட்டு லயத்தில் தங்கினாள் என்று பேச்சு வளரும். அப்பத்தாவுக்கு நினைவிருந்த காலத்தில் ஒருவரும் கேட்காதவை இவை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை தேவை. அவள் கண்முன்னே சேலையை வெட்டலாகாது. தன் பொருள் களவு போகிறது என்னும் அச்சம் இந்நோயில் மிகச் சாதாரணம். கத்தரியின் ஓசை அந்த அச்சத்தை உறுதிப்படுத்திவிடும். தைக்கும் வேலை மறுபடியும் மருமகளின் தலையில் மட்டும் விழுவதும் சரியன்று. ஏற்கெனவே குளிப்பாட்டுவதும் இரவில் விழித்திருப்பதும் அவள்தான். பேரன்கள் ஊசி பிடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கவிஞர்கள் பிடித்தால் இன்னும் நல்லது.

அந்தியில் பலருக்குக் கலக்கம் மிகும். ஒரு பாட்டி எழுந்து வாசலுக்குப் போய், "ஜீப் வந்திருச்சா?" என்று கேட்கக்கூடும். ஜீப் நின்று இருபது வருடமாயிற்றே என்று திருத்துவது வழக்கம். திருத்தத்தால் பயனில்லை. மலையில் குளிர் என்பது அவள் உடலுக்குத் தெரியும். சமவெளியில் போர்வை வேண்டாத மாதத்திலும் அவள் போர்த்திக்கொள்ளக் கேட்பது அதனால்தான். "இன்னும் வரல அப்பத்தா, குளிருது, இதைப் போத்திட்டு உக்காரு" என்று கந்தையை மடியில் இடுகிறவர் பொய் சொன்னவராகமாட்டார். அந்த வாக்கியத்தின் வினைகள் எல்லாம் நிகழ்காலத்தை ஒட்டியவை.

தைக்க முன்வருவோருக்குச் சில குறிப்புகள். அகலம் மடியை மூடும் அளவு போதும். தரையில் புரண்டால் கால் தடுக்கி விழுவார். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தியே மேலே வரவேண்டும். பொத்தானும் மணியும் வேண்டா, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் வாய்ப்புண்டு. அதற்குப் பதில் சேலைக் கரையைக் கயிறாகச் சுருட்டித் தைக்கலாம், அல்லது ஏலக்காய் அளவில் துணியை உருட்டி உள்ளே வைத்துச் சுற்றிலும் அழுந்தத் தைத்துவிடலாம். கிள்ளும் விரலுக்கு அது அகப்படும், கழன்று வராது. அடிக்கடி துவைக்க நேரும் என்பதால் ஒன்றுக்கு இரண்டாகத் தைத்து வைப்பது நல்லது. முடிச்சுகள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.