பெயரேடு இருக்கவேண்டிய அறை



வெளி மாநிலங்களில் தமிழர் நால்வர் கூடினால் ஒரு சங்கம் பிறக்கும்; சங்கம் பிறந்தால் உறுப்பினர் பெயரேடும் பிறக்கும். முன்னாளில் அவ்வேடு செயலாளர் வீட்டு அலமாரியில் பூட்டுக்குள் இருந்தது. இன்றோ வலைத்தளம் அமைத்து, முகவரி, தொலைபேசி எண், சந்தா விவரம் யாவற்றையும் கிளவுடில் வைக்கின்றோம். பூட்டை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

மறந்தால் என்ன நேரும்? 2017ஆம் ஆண்டு ஜனவரியில், கடவுச்சொல் இன்றி இணையத்தை நோக்கித் திறந்துகிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. பணம் கேட்கும் குறிப்பு ஒன்றே அவற்றில் எஞ்சியது. அங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை, கதவே திறந்திருந்தது.

ஆகவே அமைப்பை முதலிலேயே ஒழுங்குபடுத்த வேண்டும். அமேசானின் கிளவுடை எடுத்துக்கொள்வோம். அதன் மும்பை மையம் 2016 முதல் இயங்கி வருகிறது. அங்கே நமக்கென விபிசி என்னும் தனி வலையமைப்பை வகுத்து, அதனை இரு பகுதிகளாகப் பிரிக்கலாம். திண்ணை போன்ற பொதுப் பகுதியில் வெப் சர்வர் அமரும். அதற்கு இணையத்துடன் வழி உண்டு. உள்ளறை போன்ற தனிப் பகுதியில் தரவுத்தளம் இருக்கும். அதற்குப் பொது முகவரி கிடையாது, 10.0.2.15 போன்ற உள்முகவரி மட்டுமே உண்டு. இரண்டும் ஒரே விபிசியில் இருப்பதால், இவற்றுக்கிடையே தனிப்பாதை வெட்டவேண்டியதில்லை.

பாதை இருந்தால் போதுமா? காவலும் வேண்டும். செக்யூரிட்டி குரூப் என்பதே அக்காவல். போஸ்ட்கிரஸ் தரவுத்தளமாயின் 5432, மைஎஸ்க்யூஎல் ஆயின் 3306 என்னும் போர்ட்டை, வெப் சர்வரின் செக்யூரிட்டி குரூப்புக்கு மட்டும் திறக்கவேண்டும். முகவரியைக் குறிப்பிடாமல் குரூப்பைக் குறிப்பிடுவதேன்? சர்வர் மாறினால் முகவரியும் மாறும், குரூப் மாறாது.

இங்கேதான் நாமும் ஒருமுறை தவறினோம். பொங்கல் விழாப் பதிவுக்கு முந்தைய இரவு, இணைப்புக் கிட்டவில்லை. பொறுமையிழந்து, 0.0.0.0/0 என்று எழுதி, உலகம் முழுவதற்கும் போர்ட்டைத் திறந்தோம். 'ஒரு மணி நேரத்துக்குத்தானே' என்றோம். மூன்று மாதங்கள் அது திறந்தே கிடந்தது! தீங்கு நேராதது நம் திறமையன்று.

அன்று பிழையின் குறிப்பைப் படித்திருந்தால் போதும். நெடுநேரம் காத்திருந்து இணைப்பு ஓய்ந்தால், பெரும்பாலும் காவலிலோ பாதையிலோ தடை. கடவுச்சொல் தவறென்று விடை வந்தால், வாயிலை அடைந்துவிட்டோம், சாவிதான் தவறு. எந்நிலையிலும் உலகுக்குக் கதவு திறப்பது மருந்தாகாது.

இன்னும் மூன்று கடமைகள் உண்டு. கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாமல், சீக்ரெட்ஸ் மேனேஜர் போன்ற பெட்டகத்தில் வைத்தல் ஒன்று. தலைமைப் பயனரை விடுத்து, வேண்டிய உரிமை மட்டும் கொண்ட தனிப் பயனரை வலைத்தளத்திற்கு அளித்தல் மற்றொன்று. நாள்தோறும் நகல் எடுத்து, அதனை மீட்டுப் பார்த்தல் மூன்றாவது.

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த ஒருவர், தம் வீட்டு முகவரியை நம்மிடம் தருவது நம்பிக்கையின் பேரில் அன்றோ? அந்நம்பிக்கையைத் திண்ணையில் வைக்கலாகாது; உள்ளறையில் வைத்துக் காப்போம்.