இளைஞர்க்கு வேண்டும் விஞ்ஞானக் கல்வி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பண்டைத் தமிழர் தம் நாட்டிற்கு வடவெல்லையாகக் கொண்டது வேங்கடமலை. அம்மலையடியிலும் சித்தூரிலும் வாழும் நாம், தெலுங்கு மக்களோடு உடன்பிறந்தாராய்க் கலந்து, தாய்மொழியையும் பேணி வருகிறோம். இவை போதுமா? நம் மக்கள் நிமிர்ந்து வாழ விஞ்ஞான, தொழில்நுட்பக் கல்வியும் வேண்டும்.

விஞ்ஞானம் எங்கோ மேல்நாட்டில் விளைவதன்று. சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1992-இல் ஒரு ராடார் நிலையம் அமைந்தது. இன்று அது தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடமாக விளங்குகிறது. பக்கத்திற்கு ஏறத்தாழ 130 மீட்டர் கொண்ட சதுர நிலத்தில் 1,024 ஆண்டெனாக்கள் நிற்கின்றன. அவை விண்ணோக்கி அனுப்பும் வானொலி அலைகளில் மிகச் சிறு பகுதி, காற்றின் சுழிப்புகளில் பட்டுத் திரும்புகிறது. திரும்பிய அலையின் அதிர்வெண் மாறுதலைக் கொண்டு, பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிடுகிறார்கள். கண்ணுக்குப் புலனாகாத காற்றைக் கணக்கினால் காணும் இவ்வற்புதத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

திருப்பதியில் 1954-இல் பல்கலைக்கழகம் எழுந்தது, 2015-இல் ஐ.ஐ.டி.யும் வந்தது. 1971-இல் சிறு ராக்கெட் ஒன்றுடன் பணி தொடங்கிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே 2023-இல் சந்திரயான்-3 நிலவுக்குப் புறப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மைந்தர். முதலில் பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றுப் படிப்படியாக உயர்ந்தவர். அத்தகைய படிப்பை இரண்டாந்தரம் என்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

வாயில் வரை வந்து நிற்கும் செல்வத்தை வரவேற்க நாம் செய்வதென்ன? மதிப்பெண்ணைக் கேட்கிறோம், பொருள் விளங்கிற்றா என்று கேட்பதில்லை. பழுதுற்ற மின்விசிறியைப் பிரித்துப் பார்க்கும் சிறுவனைக் கடிந்துகொள்கிறோம். விண்மீனைப் பற்றி வினவும் சிறுமியை அடுக்களைக்கு அனுப்புகிறோம். கேள்வி அவிந்த உள்ளத்தில் விஞ்ஞானம் எங்ஙனம் முளைக்கும்?

ஆதலின் மூன்று பணிகளை மேற்கொள்வோம். நம் நூலகத்தில் இலக்கிய நூல்களோடு தமிழ் விஞ்ஞான நூல்களையும் வைப்போம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் அவற்றுள் முதலிடம் பெறட்டும். உரிய அனுமதி பெற்று ஆண்டுதோறும் பிள்ளைகளை, ஆண் பெண் வேறுபாடின்றி, இவ்வாய்வு நிலையங்களுக்கு அழைத்துச் செல்வோம். பள்ளியில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பயின்றதை, வாரம் ஒருநாள் இம்மன்றத்தில் தமிழில் விளக்கச் செய்வோம். பாட்டிக்கு விளங்கும்படி ஒரு சிறுவன் ராடாரைப் பற்றிச் சொல்வானாயின், பாடமும் அவனுக்கு உரியதாகும், தமிழும் வளம்பெறும்.

மொழியைக் காப்பது வேறு, விஞ்ஞானம் பயில்வது வேறு என்று எண்ண வேண்டா. புதிய அறிவைச் சொல்லும் வாயில்தான் பழைய மொழி இளமையோடு வாழும்.

வாழ்க தமிழ்! வளர்க விஞ்ஞானம்!