வாங்க என்று சொல்லுமுன்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



முதலாண்டில் "எந்த ஊருப்பா?" என்று கேட்பீர்கள். "பூம்பாறை" என்பேன். முழிப்பீர்கள். "கொடைக்கானல் பக்கம்" என்றதும்தான் புரியும். இன்றைக்கு நீங்களே, "அந்தப் படிக்கட்டு வயல் ஊர்தானே? இன்ஸ்டாகிராமில் பார்த்தோமே!" என்கிறீர்கள். செல்போனும் கையுமாக அலையும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் செய்த வேலை அது.

நன்மை இல்லாமல் இல்லை. எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீடியோ பார்த்து வருபவர்கள் தோட்டத்து வாசலிலேயே பூண்டு வாங்கிப் போகிறார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. சிறுவயதில் குளித்த காட்டோடை ஒன்றைப் படம் பிடித்து, வழியையும் சொல்லி யூடியூபில் போட்டேன். கூட்டம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பையன் ஒருவன் பாறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். கயிற்றுக் கட்டிலில் வைத்து ரோடு வரை தூக்கி வந்தோம். வலியோடு, "உங்க வீடியோ பார்த்துத்தான் வந்தோம், அண்ணே" என்றான். குறையாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னான். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. ஓடையின் அழகைச் சொன்ன நான், பாறையில் பாசி இருக்கிறது என்று சொல்லவில்லையே! மறுநாளே அதை நீக்கிவிட்டேன்.

படம் பார்த்துக் கூட்டம் வருவது எங்கள் மலைக்குப் புதிதல்ல. குணா குகைக்குப் பெயரே 1991-இல் வந்த சினிமாவால் ஒட்டிக்கொண்டதுதான். 2006-இல் அங்கே குழியில் விழுந்த வாலிபரை நண்பர் மீட்ட சம்பவம் 2024-இல் மலையாளப் படமாக வந்ததும், கூட்டம் இன்னும் பெருகியது. அதே ஆண்டு மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானல் வர இ-பாஸ் முறை வந்தது. மலையும் எவ்வளவுதான் தாங்கும்?

இப்போதும் வீடியோ போடுகிறேன். பூண்டுத் தோட்டத்தைக் காட்டுகிறேன், குழந்தை வேலப்பர் கோயிலைக் காட்டுகிறேன். காட்டுக்குள் போக வழி மட்டும் சொல்வதில்லை. மழையோ மூடுபனியோ இருந்தால், "இன்னிக்கு வராதீங்க" என்றும் போடுகிறேன். "ஊர்ப் பிழைப்பைக் கெடுக்கிறியா?" என்று திட்டுகிறவர்களும் உண்டு. திட்டட்டும். விருந்துக்கு அழைக்கிறவன், வாசற்படி வழுக்கும் என்று சொல்ல வேண்டாமா?

தோழர்களே, உங்கள் ஊரையும் நாலு பேருக்குக் காட்டுங்கள். வந்தவர் பத்திரமாக வீடு திரும்பினால்தான் நம் ஊருக்குப் பெருமை.

எங்க ஊருக்கும் ஒரு தடவை குடும்பத்தோட வாங்க. பூண்டுக் குழம்பு தயாரா இருக்கும். இ-பாஸ் மட்டும் மறக்காதீங்க!