முன்னணையும் பதிவேடும்

(சங்கத்தின் திருவருகைக் காலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

திருவருகைக் காலம் பிறந்துவிட்டது. தெருவெங்கும் மூங்கிலை வளைத்துத் தாள் ஒட்டி நட்சத்திர விளக்குக் கட்டுகின்றனர். பிள்ளைகள் வைக்கோல் பரப்பிக் குடில் அமைக்கின்றனர். இவ்வழக்கம் பரவக் காரணமானவர் அசிசி நகரத்துப் பிரான்சிசு. 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அவர் அந்த இரவைக் காட்டினார். குழந்தை பட்ட இன்னலைக் கண்ணாரக் காணவேண்டும் என்பதே அவர் விருப்பம். இன்றைய குடில்களிலோ அழகு மிகுந்து இன்னல் மறைந்துவிட்டது.

லூக்கா எழுதியதைப் பள்ளி ஆசிரியனாகிய நான் படிக்கையில் முதலில் கண்ணிற்படுவது ஒரு பதிவேடுதான். அகுஸ்து இராயன் குடிமதிப்பு எழுதச் சொல்கிறான். அதற்காகப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் புறப்படுகிறாள். (அக்குடிமதிப்பு நடந்த ஆண்டைப் பற்றி அறிஞரிடையே வழக்குண்டு, அது இங்கு வேண்டா.) அந்த இராயன் பிறந்த நாளே நற்செய்திகளின் தொடக்கம் என்று, கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரியேனேக் கல்வெட்டுக் கூறுகிறது. லூக்காவின் நூலில், அதே சொல்லின் வினைவடிவத்தைக் கொண்டுதான் தூதன் மேய்ப்பரிடம் பேசுகிறான். அரண்மனைக்குரிய சொல், இராக்காவல் காத்த கூலிகளின் காதுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்து, சத்திரம் என்ற சொல். நம் தமிழ் வேதாகமத்தில் பெத்லகேமிலும் சத்திரம், நல்ல சமாரியன் கதையிலும் சத்திரம். கிரேக்க மூலத்திலோ இவை வெவ்வேறு சொற்கள். சமாரியன் காசு கொடுத்து ஒருவனைத் தங்கவைத்தது வழிப்போக்கர் விடுதி. பெத்லகேமில் லூக்கா எழுதிய சொல், கடைசி இராவுணவு நடந்த அறைக்கும் அவர் எழுதும் சொல். வீட்டின் விருந்தினர் அறை என்று பொருள்படும். ஆகவே இடமில்லாமற் போனது முகமறியாத சத்திரக்காரனிடத்தில் அன்று; சொந்த ஊரின், சொந்த உறவின் வீட்டிலேயே இருக்கலாம். மாடு தின்னும் தொட்டி அவ்வாறு தொட்டிலாயிற்று. பின்பு ஆலயத்திற் காணிக்கை படைக்கையில் ஆட்டுக்குட்டி வாங்க அவர்களுக்கு வகையில்லை. ஏழைகளுக்கென லேவியராகமம் விதித்த இரண்டு பறவைகளே படைக்கப்பட்டன.

சொந்த வீட்டில் இடமில்லாமற் போவது நமக்குப் புதிதன்று. வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்தினுள் சாதியைச் சாதியிலிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. பெயரோ திருக்குடும்பம்! 1910ஆம் ஆண்டில் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்கும் நடந்தது. கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் சுவர்களைப் பற்றி நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு, கிறித்தவனுக்குச் சாதியில்லை என்று சட்டம் கருதுகிறது. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணையில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், நம்மவர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். ஆகையால் ஒவ்வோராண்டும் பள்ளிச் சேர்க்கையின்போது, "ஐயா, கோயிலில் வைத்த பெயரை எழுதுவதா, சலுகைக்குரிய பெயரை எழுதுவதா?" என்று பெற்றோர் என் மேசைமுன் நிற்கின்றனர். அவர்களை இகழ்ந்து பிரசங்கம் செய்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆலயத்திற்குள் சுவர் எழுப்பியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையின் படிப்புக்காகத் தவிக்கும் தகப்பனைக் குற்றஞ்சாட்டுவது எந்த நியாயம்? கடவுள் மனிதனானபோது அவரும் இராயனின் ஏட்டில் எழுதப்படவேண்டிய குடும்பத்தில்தான் பிறந்தார். அந்த ஏட்டின் முன் நிற்பவரின் நடுக்கம் அவருக்குத் தெரியும். கிறிஸ்து பிறப்பின் பொருளை நான் அங்கேதான் காண்கிறேன்.

காத்திருத்தல் இக்காலத்தின் ஒழுக்கம் என்பர். மரியாள் காத்திருந்தாள், ஆனால் சும்மா இருக்கவில்லை. மலைநாட்டுக்கு விரைந்து நடந்தாள்; வலியோர் இறக்கப்படுவர், தாழ்ந்தோர் உயர்த்தப்படுவர் என்று பாடினாள். நம் முன்னோரும் அவ்வாறே காத்திருந்து இச்சங்கத்தைக் கட்டினர்.

முடிவாக ஒரு வேண்டுகோள். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. சங்கத்தின் இரவுப் பள்ளியில் பிள்ளைகள் பத்து மணி வரை படிக்கின்றனர். வீடுதோறும் பாடிச் செல்லும் இளைஞர்கள் அவ்விடத்தைக் கடக்கும்போது மட்டும் மேளத்தை நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.