கரிமூட்டத்துக்குள்ள ஒரு பேட்டரி

விளாத்திகுளம் பக்கம் பஸ்ல போனா கரிமூட்டப் புகை கண்ணுல படும். வெந்துகிட்டு இருக்கிறது சீமைக்கருவேலம்.

லித்தியம் பேட்டரியில இருக்கிற கிராஃபைட்டுக்குள்ள சோடியம் சரியா நுழையாது. அதுக்கு 'ஹார்ட் கார்பன்' வேணும். மரம், தேங்காய் ஓடு மாதிரி பொருளைக் காத்துப் படாம 1,000 டிகிரிக்கு மேல சுட்டா, தாறுமாறா மடங்கின கார்பன் அடுக்குகள் கிடைக்கும். நடுவுல நானோமீட்டர் அளவு இடுக்குகள். ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் நானோமீட்டர். சோடியம் போய் ஒதுங்குறது அங்கதான்.

மூட்டத்துக் கரி அப்படியே உதவாது. மண்ணையும் சாம்பலையும் கழுவி, மறுபடி சுடணும். சோடியத்துக்குத் தூத்துக்குடி உப்பு பக்கத்துலயே இருக்கு.

அந்த ரெண்டாவது சூட்டுலதான் கரிக்கு விலை ஏறும். அந்த உலை மூட்டம் போடுறவங்க ஊருக்கு வருமா, இல்ல மூட்டை மட்டும் லாரி ஏறுமா? யோசிங்க.