மீட்படைவோர் யார்?
(பங்கின் பொன்விழாவையொட்டி நிகழ்த்தப்பட்ட உரை)



ஐம்பது ஆண்டுகளாக நம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற அனைவரையும் நினைத்து இன்று நாம் இறைவனுக்கு நன்றி செலுத்துகிறோம். ஆயினும் ஒரு கேள்வி நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாத அண்டை வீட்டார், உடன் உழைப்போர், நம்மில் சிலருக்குப் பெற்ற தாய் தந்தையர், இவர்களின் கதி என்ன? இறந்துபோன அவர்களைப் பூசையில் நினைக்கலாமா என்று தயங்குவோரும் நம்மிடையே உண்டு.

வேதாகமத்தைத் திறந்தால் இரு வேறு குரல்கள் கேட்பதுபோல் தோன்றுகிறது. மாற்கு நற்செய்தியின் இறுதி அதிகாரம் மீட்பை விசுவாசத்தோடும் ஞானஸ்நானத்தோடும் பிணைக்கிறது. அருளப்பர் நற்செய்தியில் ஆண்டவர் நிக்கதேமுவிடம் நீராலும் ஆவியாலும் வரும் மறுபிறப்பை வற்புறுத்துகிறார். புனித சின்னப்பரோ தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், மனிதர் எல்லாருமே மீட்படைய வேண்டுமென்று இறைவன் விரும்புவதாகக் கூறுகிறார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் தீர்வை நாளிலோ, பசித்தோருக்கு உணவிட்டோமா என்பதே கேள்வி. அங்கே வலப்பக்கம் நிற்போர், தாங்கள் உதவியது அரசருக்கே என்பதை அறியாதிருந்தவர்கள்!

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற கருத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். 3-ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான், திருச்சபையை விட்டுப் பிரிந்தோரைக் குறித்த வழக்கில் அவ்வாறு எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிலர் அதைக் கிறிஸ்தவரல்லாதார் அனைவர்மீதும் சுமத்தியபோது, திருச்சபை அவ்வாறு போதிப்பதில்லை என்று உரோமை 1949-இல் அந்நகரப் பேராயருக்கு எழுதியது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை இன்னும் தெளிவாக்கியது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்று காட்டும் வழியில் அருளின் துணையால் நடந்தால், அவர்களும் மீட்படையக்கூடும். அந்த அருளும் கிறிஸ்துவின் அருளே. சின்னப்பர் அதே நிருபத்தில் கூறுவதுபோல் இணைப்பாளர் அவர் ஒருவரே.

அப்படியானால் இடுக்கமான வாயில் யாருக்கு? எருசலேமுக்குச் செல்லும் வழியில் ஒருவன் ஆண்டவரிடம், மீட்படைவோர் கொஞ்சப் பேர்தானா என்று கேட்டதாக லூக்காஸ் 13-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். ஆண்டவர் கணக்குச் சொல்லவில்லை. அந்த வாயிலில் நுழைய நீங்கள் பாடுபடுங்கள் என்னும் பொருள்படக் கேட்டவர்களுக்கே விடையளித்தார். கதவு அடைபட்டபின் வெளியே நின்று தட்டுகிறவர்கள் யார்? அவரோடு உண்டு குடித்தவர்கள், தங்கள் தெருக்களில் அவர் போதிக்கக் கேட்டவர்கள். பந்தியில் அமர்கிறவர்களோ நாற்றிசையிலிருந்தும் வருகிறார்கள்.

அன்பர்களே, ஐம்பது ஆண்டுகளாக அவர் பந்தியில் உண்டவர்கள் நாமல்லவா? நம் தெருக்களிலல்லவா அவர் போதித்தார்? நாமோ இடுக்கமான வாயிலை அயலாருக்கு ஒதுக்கிவிட்டு, அகன்ற இரக்கத்தை நமக்கு வைத்துக்கொள்கிறோம். வேதம் இதைத் திருப்பிப் போடச் சொல்கிறது. அயலாரை நினைக்கும்போது இறைவனின் விரிந்த விருப்பத்தை எண்ண வேண்டும். நம்மை நினைக்கும்போது இடுக்கமான வாயிலை எண்ண வேண்டும். திருச்சபையில் உடலால் மட்டும் இருந்து, அன்பில் நிலைத்திராதவன் மீட்படைவதில்லை என்று எச்சரிப்பதும் அதே வத்திக்கான் சங்கமே.

இனி, ஞானஸ்நானம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அப்போஸ்தலர் பணி 10-ஆம் அதிகாரத்தில் விடை இருக்கிறது. நூற்றுவர் தலைவன் கொர்னேலியு புறவினத்தான். ஆனாலும் அவனுடைய செபமும் தருமமும் இறைவன் திருமுன் எட்டின. இராயப்பர் பேசிக்கொண்டிருக்கையிலேயே அவன் வீட்டார்மீது பரிசுத்த ஆவி இறங்கினார். ஆவியே வந்துவிட்டார், நீர் எதற்கு என்று இராயப்பர் இருந்துவிடவில்லை. அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டளையிட்டார். இறைவன் தொடங்கிவைத்ததை நிறைவாக்குவதே நம் பணி. கிறிஸ்துவை அறிவிக்கும் கடமை ஒருபோதும் குறைவதில்லை. பிறரைத் தீர்ப்பிடும் உரிமைதான் நமக்கு இல்லை.

ஆகவே, தயங்குகிற சகோதரனே, சகோதரியே, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த உன் தாய்க்காகவும் மன்றாடு. 1968-இல் வெளியான நான்காம் நற்கருணை மன்றாட்டில், இறைவன் ஒருவரே அறிந்த விசுவாசத்தையுடைய மரித்தோர் அனைவருக்காகவும் திருச்சபை வேண்டிக்கொள்கிறது. அந்த வேளையில் அவள் பெயரை உன் உள்ளத்தில் சொல். பின் பீடத்தை அணுகும்போது, அவர் பந்தியில் உண்ட நான் இந்த வாரம் யாருக்கு உணவிட்டேன் என்று உன்னையே கேள். இவ்வாறு வாழும் வரத்தை இந்தப் பொன்விழா ஆண்டில் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக. ஆமென்.